விரியாத குட்டி நோட்டு

அக்கா மகளின் பிறந்தநாளுக்காக உள்ளங்கை அளவில் இருபது நோட்டு செய்தேன். ஏ4 தாளை நாலாக வெட்டி, மடித்து, முதுகில் ஃபெவிகால் தடவி ஒட்டியது. மறுநாள் பார்த்தால் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன, முதுகு அலை அலையாக நெளிந்திருக்கிறது.

பசையைத்தான் முதலில் திட்டினேன். தப்பு என் மடிப்பில். காகிதத்தில் நார் ஓடும் திசை ஒன்று உண்டு, ஏ4-இல் அது பெரும்பாலும் நீளவாக்கில். நாலாக வெட்டி மடிக்கும்போது மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது, அதனால் தாள் முரண்டு பிடிக்கிறது. சந்தேகமென்றால் ஒரு துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்துப் பாருங்கள். சுருளும் குழாயின் நீளம்தான் நாரின் திசை.

அப்புறம் 297 மி.மீ. நீளத்தை மூன்றாக, 99 மி.மீ. பட்டைகளாக வெட்டி, 210-ஐ நடுவில் மடித்தேன். கிட்டத்தட்ட சதுரமான நோட்டு, துண்டுகூட வீணில்லை. இரண்டு ஏ4-இல் 24 பக்கம்.

பசையை விட்டுவிட்டு, பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து மடிப்பில் மூன்று துளைத் தையல் போட்டேன். நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே, மேல்துளையில் உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே, மறுபடி நடுவில் உள்ளே. உள்ளே ஓடும் நீள நூலுக்கு இருபுறமும் முனைகளை விட்டு முடிச்சு. சாதாரணப் பருத்தி நூல்தான், மெழுகுவர்த்தியில் இரண்டு தடவை இழுத்தால் போதும். இப்போது எல்லாரும் வாங்கும் வாஷி டேப் (அலங்காரக் காகித ஒட்டுநாடா), ஸ்டிக்கர் கிட் நானும் வாங்கினேன், அதில் ஊசிகூட இல்லை!