செடித் தக்காளியா, கொடித் தக்காளியா? கிள்ளும் முன் பாருங்கள்

மாடித்தோட்டத்தில் தக்காளி போடுகிற பலர், யாரோ சொன்னார்கள் என்று எல்லாச் செடியிலும் பக்கக் கிளையைக் கிள்ளிவிடுகிறார்கள். கொடி வகைக்கு அது சரி. செடி வகையில் அப்படிச் செய்தால் போவது உங்கள் மகசூல்தான்.

செடித் தக்காளி இரண்டு, மூன்று அடியோடு நின்றுவிடும். நுனி பூங்கொத்தாக முடிந்துபோவதால், காய்ப்பு பெரும்பாலும் பக்கக் கிளைகளில்தான். காம்பருகே பச்சையாக இருக்கும் பி.கே.எம். 1 என்ற ரகம் இந்த வகை. சில வாரங்களுக்குள் மொத்தமாகப் பழுக்கும். தொக்கு போடுகிறவர்களுக்கு வசதி. கொடித் தக்காளி ஆள் உயரத்தையும் தாண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் காய்த்துக்கொண்டே இருக்கும். செர்ரி தக்காளியில் பெரும்பாலானவை கொடிதான்.

விதைப் பொட்டலம் தொலைந்துவிட்டதா? பூங்கொத்துகளுக்கு நடுவே இலைகளை எண்ணுங்கள். கொடியில் ஏறக்குறைய மூன்று இலைக்கு ஒரு கொத்து வரும். செடியில் ஒன்றிரண்டு இலைக்கே அடுத்த கொத்து வந்துவிடும்.

விதைப்பும் நடவும்

ஆடியில் விதைக்கலாம், ஐப்பசி மழை ஓய்ந்ததும் விதைக்கலாம். சித்திரை வெயிலில் பூக்கும்படி மட்டும் விதைக்காதீர்கள். பகலில் 35 டிகிரியைத் தாண்டி இரவிலும் புழுக்கம் குறையாவிட்டால் பூ உதிரும்.

குழித்தட்டில் கால் அங்குல ஆழத்தில் விதையுங்கள். 25 நாள் நாற்றை 15 அங்குலப் பைக்கு மாற்றலாம். செம்மண், மண்புழு உரம், ஊறவைத்துக் கழுவிய தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்தால் போதும். பைக்கு ஒரு செடிதான். அடி இலைகள் இரண்டைக் கிள்ளிவிட்டுத் தண்டையும் சேர்த்துப் புதையுங்கள், புதைந்த தண்டிலும் வேர் விடும்.

கட்டுவதும் கிள்ளுவதும்

செடி வகைக்குச் சுற்றிலும் மூன்று குச்சி ஊன்றிக் கயிறு சுற்றினால் ஆயிற்று. கொடிக்கு ஆறடிக் கம்பு வேண்டும், அல்லது மேலே குழாயிலிருந்து சணல் கயிறு தொங்கவிடுங்கள். பழைய பருத்திப் புடவைக் கிழிசலை 8 போல் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு பருக்க இடம் வேண்டும்.

இனி கிள்ளுவது. கொடியில் இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் ஒரு குருத்து எட்டிப் பார்க்கும். அது விரல் நீளம் வரும்போது, காலை வேளையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துப் பக்கவாட்டில் வளைத்தால் டப்பென்று ஒடியும். கையில் பச்சைக் கறையும் தக்காளி வாசமும் ஒட்டிக்கொள்ளும். பூங்கொத்து இலைக் கக்கத்திலிருந்து வராது, தண்டிலிருந்தே நேராக வரும், அதைக் கிள்ளிவிடாதீர்கள். ஒடித்த குருத்தைத் தண்ணீரில் போட்டு வைத்தால் வேர் விடும், இன்னொரு பைக்கு இலவச நாற்று.

செடி வகையில் மண்ணைத் தொடும் அடி இலைகளை எடுத்தால் போதும். வேறு எதிலும் கை வைக்காதீர்கள்.

தண்ணீரும் தொல்லைகளும்

ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளமாக்கினால் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தும் காய்க்குப் போய்ச் சேராததுதான் பெரும்பாலும் காரணம். அதனால் முட்டை ஓட்டைத் தூளாக்கிப் போடுவதைவிட, ஒரே சீராகத் தண்ணீர் விடுவது பலன் தரும். இலையை நனைக்காமல் வேரில் ஊற்றுங்கள்.

இலை சுருண்டு செடி குட்டையாக நின்றால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது; யோசிக்காமல் பிடுங்கிவிடுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசலும் மஞ்சள் ஒட்டு அட்டையும் ஈ வரும் முன்பே இருந்தால்தான் பயன்.

பூத்தபின் காலையில் கொத்தைச் சுண்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய் நன்றாகப் பிடிக்கும். அணில் வரும் மாடியா? காய் லேசாக நிறம் மாறியதுமே பறித்து வீட்டுக்குள் வையுங்கள், பழுத்துவிடும்.