ஸ்ட்ரீம் திக்கினால் உடனே கிராபிக்ஸ் கார்டு வாங்க ஓடாதீர்கள்

காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு மாதத்தில் இரண்டு பேராவது இதே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். பெரும்பாலும் கேம் ஆடுவதை நெட்டில் நேரலையாகக் காட்டும், அதாவது ஸ்ட்ரீம் செய்யும், காலேஜ் பையன்கள். "அண்ணே, கேம் நல்லாத்தான் ஓடுது, லைவ் போட்டா மட்டும் ஸ்டக் ஆகுது. எந்த கார்டு போடலாம்?" நோய் என்னவென்று தெரியாது, மருந்து மட்டும் முடிவாகிவிட்டது. விற்றால் கடைக்கு லாபம்தான், ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் நாலு வருடத்துக்கு முந்தைய என் மூஞ்சியே தெரிகிறது. அதனால் முதலாளி டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து உண்மையைச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

குரோமில் நாற்பது டேப் திறந்து வைத்துக்கொண்டு ஸ்ட்ரீம் செய்வது, பின்னால் கேம் அப்டேட் இறங்கிக்கொண்டிருப்பது மாதிரியான விஷயங்களை இங்கே எழுதப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். அதைத் தாண்டி நாம் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எது திக்குகிறது என்று பார்க்காமலே பர்ஸைத் திறப்பது

நாங்கள் குடியிருப்பது பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில். எங்களுடையது இல்லை. அப்பா அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் இரண்டு அறை எங்களுக்கு. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், ஒரு ஆச்சி மட்டும் இங்கே. சிசிடிவி கேமராவுக்காக அவர்கள் எடுத்த ஃபைபர் லைன்தான் எனக்கும் இன்டர்நெட், பாதி பில் நான் கட்டுகிறேன். ரவுட்டர் இருப்பது முகப்பில். நான் கேம் ஆடுவது வளவு என்கிற நடு முற்றத்தைத் தாண்டி இரண்டாம் கட்டில். நடுவில் மூன்று சுவர். சுண்ணாம்பு அரைத்துப் பூசிய அந்தக் காலத்துச் சுவர், சன்னல் திண்டில் கையை வைத்தால் முழங்கை வரை உள்ளேயே இருக்கும், அவ்வளவு கனம்.

முதல் மாதம் ஸ்ட்ரீமைப் பார்த்த பதினோரு பேரும் ஒரே பாட்டு: "ப்ரோ, ஸ்டக் ஆகுது." என் மானிட்டரில் கேம் வழவழவென்று ஓடுகிறது. இன்டர்நெட்டாக இருக்குமோ என்று எனக்கும் சந்தேகம் வந்தது, வராமல் இல்லை. போனை எடுத்துக்கொண்டு முகப்புக்குப் போனேன், ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று ஸ்பீடு டெஸ்ட் போட்டேன். அப்லோடு 38 எம்பிபிஎஸ். எனக்கு வேண்டியதோ 6. ஆக இன்டர்நெட் சுத்தம், குற்றவாளி கிராபிக்ஸ் கார்டுதான் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். ஆடுகிற அறையில் நின்று டெஸ்ட் போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. சமையலறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதற்குத் தெருக்குழாயைத் திறந்து பார்த்தவன் கதை.

மதுரைக்குப் போய் 28,000 ரூபாய்க்கு கார்டு. பன்னிரண்டு மாதத் தவணை. மாட்டிய அன்று இரவு ஆசையோடு லைவ் போட்டேன். பத்தாவது நிமிடம் முதல் கமென்ட்: "ப்ரோ, ஸ்டக் ஆகுது."

இதில் எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் என்னவென்றால், பதில் அத்தனை நாளும் என் மானிட்டரிலேயே இருந்தது. ஸ்ட்ரீமை அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோவில் வியூ மெனுவைத் திறந்தால் 'ஸ்டாட்ஸ்' என்று ஒன்று இருக்கும். காசு கிடையாது, இன்ஸ்டால் கிடையாது, ஒரு கிளிக். அதில் மூன்று கணக்கைப் பார்த்தால் போதும்.

'ரெண்டரிங் லேக்'கால் தவறிய ஃப்ரேம்கள் (வீடியோவில் வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம்) ஏறிக்கொண்டே போனால், கிராபிக்ஸ் கார்டுக்கு மூச்சு முட்டுகிறது; கேமை வரையவே நேரம் சரியாக இருக்கிறது, உங்கள் கேமரா, ஓவர்லே எல்லாவற்றையும் சேர்த்து ஒரு படமாக்கித் தர அதற்கு நேரமில்லை. 'என்கோடிங் லேக்' ஏறினால் படம் தயார், அதைச் சுருக்குகிற வேலை முடியவில்லை. கீழே இருக்கும் 'டிராப்டு ஃப்ரேம்ஸ்', அதுதான் நெட்வொர்க். படமும் தயார், சுருக்கியும் ஆயிற்று, வெளியே அனுப்பத்தான் வழியில்லை. மூன்றும் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் திக்கும். வைத்தியம் மட்டும் மூன்றுக்கும் வேறு வேறு, ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்குக் கடுகளவும் உதவாது.

என் கணக்கில் மேலே இரண்டும் சுழியம். டிராப்டு ஃப்ரேம்ஸ் 11 சதவீதம்.

அப்புறம்தான் நிதானமாக உட்கார்ந்தேன். என் அறை கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கே பிங் போட்டு, பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று பார்த்தேன், வெளி உலகத்துக்கு இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கும் 192.168.1.1 என்ற ரவுட்டர் முகவரிக்கு. 3, 4, 2, 310, 4, 'டைம்டு அவுட்', 5, 190. டேட்டா வீட்டை விட்டு வெளியே போவதற்கு முன்னாலேயே வளவில் தடுக்கி விழுந்துகொண்டிருந்திருக்கிறது. கேம் ஏன் திக்கவில்லை என்றால் கேம் அனுப்புவது கொஞ்சூண்டு டேட்டா, எப்படியோ சந்தில் நுழைந்து போய்விடும். ஸ்ட்ரீம் அப்படியில்லை, ஒரு நொடிகூட விடாமல் 6000 கிலோபிட் போயாக வேண்டும். வழியில் ஒன்று தொலைந்தால் திரும்ப அனுப்ப வேண்டும், அதற்குள் பின்னால் வரிசை நீளும், வரிசை தாங்காமல் போனால் ஓபிஎஸ் ஃப்ரேம்களைத் தூக்கிப் போட்டுவிடும். நீங்கள் பார்க்கும் திக்கல் அதுதான்.

கேபிள் இழுக்கலாம் என்று முடிவாயிற்று. சுவரில் ஒரே ஒரு துளை போட்டால் நேர்வழி. ஆச்சியிடம் கேட்டேன். "தம்பி, இந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் பங்காளி அத்தனை பேருக்கும் நான் பதில் சொல்லணும்ப்பா" என்றார்கள். சரி, துளை இல்லை. முகப்பு நிலைக்கு மேலே இருக்கும் கம்பிச் சன்னல் வழியாக உள்ளே விட்டு, வளவைச் சுற்றி உத்திரத்தை ஒட்டியே கொண்டுபோய், ஒவ்வொரு தேக்குத் தூணிலும் நூலால் ஒரு கட்டுப் போட்டு (பிளாஸ்டிக் டேக் போட்டால் பாலிஷ் போய்விடும் என்று ஆச்சி உத்தரவு) இரண்டாம் கட்டுக்கு இறக்கினேன். 45 மீட்டர் கேட்-6 கேபிள், இரண்டு முனைக்கும் கனெக்டர் அடித்து மொத்தம் 1,350 ரூபாய். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும், அதனால் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. வாங்கும்போது செம்பு பூசிய அலுமினியக் கேபிளைத் தள்ளிவிடுவார்கள், முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். திறந்த வளவைச் சுற்றி வருவதால் ஐப்பசி இடி சமயத்தில் இரண்டு முனையையும் கழற்றி வைத்துவிடுவேன்.

டிராப்டு ஃப்ரேம்ஸ் சுழியம். அன்றிலிருந்து தவணை மட்டும் பதினோரு மாதம் கட்டினேன்.

உங்கள் வீட்டில் கேபிள் இழுக்கவே முடியாது என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை முயன்று பாருங்கள், அதே அறையிலோ பக்கத்து அறையிலோ இருந்தால் அருமையாக வேலை செய்யும். ஆனால் கனமான சுவரைத் தாண்டுவதில் அது 2.4-ஐ விட மோசம், எங்கள் வீட்டு மாதிரிச் சுவருக்கு ஆகாது.

ஸ்டாட்ஸ்கூட வேண்டாம், இன்னும் சுலபமாகத் தெரிய வேண்டும் என்றால் ஸ்ட்ரீம் போகும்போதே அதே என்கோடரில் ரெகார்டும் போடுங்கள். அப்புறம் ஃபைலைப் போட்டுப் பாருங்கள். ஃபைல் நன்றாக ஓடுகிறது, லைவ் மட்டும் திக்கியது என்றால் நெட்வொர்க். ஃபைலும் திக்குகிறதென்றால் கோளாறு உங்கள் பெட்டிக்குள். இதைச் செய்துவிட்டு வந்து கார்டு கேளுங்கள், நானே நல்லதாகப் பார்த்துத் தருகிறேன்.

அப்லோடில் பங்காளி யார் என்று பார்க்காதது

கேபிள் இழுத்த பிறகும் சில நாள் இரவு ஒன்பது மணி வாக்கில் மட்டும் திடீரென்று ஒரு பத்து நிமிடம் ஓபிஎஸ் சிவப்பு காட்டும், பிறகு தானாகச் சரியாகும். இரண்டு வாரம் மண்டையைக் குடைந்தது. கடைசியில் பார்த்தால் சிங்கப்பூரில் இருக்கும் பேரன் அந்த நேரத்துக்குத்தான் சிசிடிவியைத் திறந்து எட்டுக் கேமராவையும் ஒன்றாகப் பார்க்கிறார். கேமரா வெளியே போவதும் அதே அப்லோடில்தான். அவர் வீடு, அவர் லைன், ஒன்றும் சொல்ல முடியாது. பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் டேட்டா அளவை) 6000-லிருந்து 4500-க்கு இறக்கி, படத்தின் அளவை 1080-லிருந்து 720 ஆக்கிவிட்டேன். வீட்டில் யாருடைய போனாவது போட்டோக்களை பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். அளந்த அப்லோடில் பாதியிலிருந்து முக்கால் வரைக்குமேல் பிட்ரேட் வைக்காதீர்கள்.

எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதை) அவிழ்த்துவிடுவது

தேவகோட்டைப் பையன் ஒருவன், என்னைவிட நல்ல கார்டு. ஸ்டாட்ஸ் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான், அதற்கே ஒரு சபாஷ். ரெண்டரிங் லேக் ஏறுகிறது. "என்விஎன்க் தனிச் சிப்தானே அண்ணே, கார்டு எவ்வளவு லோடானா என்ன?" என்றான். பாதி சரி. என்விஎன்க் என்பது என்விடியா கார்டுக்குள் இருக்கும் என்கோடர்; சுருக்குகிற வேலைக்குத்தான் அந்தத் தனிப் பகுதி. அதற்கு முன்னால் காட்சியைச் சேர்த்து வரைவது கேம் ஓடும் அதே கார்டில், அதே இடத்தில். அவன் கேமில் எஃப்பிஎஸ் வரம்பே வைக்கவில்லை, கார்டு எப்போதும் 99 சதவீதத்தில் நிற்கிறது, மெனுத் திரையில் சும்மா நிற்கும்போதுகூட முந்நூறு நானூறு என்று வரைந்து தள்ளுகிறது. வரம்பை 120-ல் வைத்தோம், கார்டு 80-க்கு இறங்கியது, லேக் நின்றது. ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறப்பதும் உதவும், கார்டில் அதற்கு முன்னுரிமை கிடைக்கும். ஆனால் முதலில் வரம்பு.

"144 மானிட்டர் வாங்கிட்டு 120-ல ஆடுறதா?" என்று கேட்டான். ஆடு. பார்க்கிறவனுக்குப் போவது 60தான்.

வெளிநாட்டுக்காரன் செட்டிங்கை அப்படியே போடுவது

கார்டை விட்டு சிபியூவால் சுருக்கும் எக்ஸ்264-ல் 'ஸ்லோ' வைத்தால் படம் அழகாக இருக்கும் என்று வீடியோவில் சொல்பவர், பெரும்பாலும் ஸ்ட்ரீமுக்கென்றே தனியாக இன்னொரு கம்ப்யூட்டர் வைத்திருப்பார். அவர் அதைச் சொல்லவும் செய்வார், நாம்தான் அந்த இடத்தை ஓட்டிவிட்டுப் பார்த்திருப்போம். ஒரே பெட்டியில் கேமும் ஸ்ட்ரீமும் என்றால் 'வெரி ஃபாஸ்ட்'டிலேயே விட்டுவிடுங்கள், மாற்றாதீர்கள், கார்டில் என்கோடர் இருந்தால் எக்ஸ்264 பக்கமே போக வேண்டாம். 1080-க்கும் 720-க்கும் வித்தியாசம் பெயரில் தெரிவதைவிடப் பெரியது: 20,73,600 புள்ளிக்குப் பதில் 9,21,600, பாதிக்கும் குறைவு. நம் ஸ்ட்ரீமைப் போனில் பார்க்கிறவர்தான் அதிகம், அவருக்குத் தெளிவான 720 போதும்.

மெத்தை மேல் லேப்டாப்

வேண்டாம்.

இருபது நிமிடம் கழித்து ஆரம்பிக்கும் திக்கலை செட்டிங்கில் தேடுவது

முதல் இருபது நிமிடம் அருமை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திக்கல் என்றால் சூடு. சிபியூ நூறு டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் ஊர் சித்திரை வெயிலில் இது சகஜம், போதாக்குறைக்குச் செம்மண் புழுதி. போன மாதம் ஒரு லேப்டாப்பைப் பிரித்தோம், ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் சிவப்பாக ஒரு கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது, சாமணத்தால் உரித்தால் ஒரே ஏடாக வந்தது. அந்தத் தம்பி அதுவரை மூன்று முறை விண்டோஸ் போட்டிருக்கிறான்.

கரன்ட் போன நேரத்தில் திக்கினால் வேறு விஷயம். லேப்டாப் பேட்டரிக்கு மாறியதும் கார்டுக்கு முழு மின்சாரம் கிடைக்காது, கேமே தள்ளாடும். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் வைத்துவிட்டு ரவுட்டரை மறந்தவர்களும் உண்டு. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும், லைன் செத்திருக்கும். ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது, அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட்டைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள்.

ஒரே நேரத்தில் ஐந்து செட்டிங்கை மாற்றுவது

எது சரிசெய்தது என்று சாகும்வரை தெரியாது.

ஒரே ஒருவர் சொன்னதை நம்புவது

போன வாரம் புதுவயல் தம்பி ஒருவன் ஸ்டாட்ஸ் படத்தை அனுப்பினான். ஒரு மணி நேரம் ஓடிய ஸ்ட்ரீம், மூன்று கணக்கும் சுழியம். "அப்புறம் எங்கடா ஸ்டக் ஆகுது?" என்று கேட்டேன். "எங்க மாமா பார்த்தாராம்ணே, சுத்திக்கிட்டே நிக்குதாம்." வேறு யாராவது சொன்னார்களா? இல்லை. மாமாவைக் கூப்பிட்டு விசாரித்தால், அன்றைய டேட்டா மதியமே தீர்ந்துபோய், மனுஷன் 64 கேபிபிஎஸ்ஸில் மருமகன் ஸ்ட்ரீமைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பையன் அதற்குள் கார்டுக்கு ஐநூறு ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தான், எங்கள் கடையில்தான். முதலாளி டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன்.