திட்டிப் பதில் வந்தால்

ஒரு திறமூல மென்பொருள் திட்டத்துக்கு நான் அனுப்பிய முதல் பேட்சுக்கு (நிரல் திருத்தத்துக்கு) வந்த பதில்: "இதுகூடத் தெரியாமல் ஏன் வருகிறாய்?" அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

இப்போதெல்லாம் உடனே பதில் எழுதமாட்டேன். ஒரு தாளில் பிரித்து எழுதுவேன்: நிரலைப் பற்றியது ஒரு பக்கம், என்னைப் பற்றியது இன்னொரு பக்கம். அன்றைய திட்டிலும் ஓர் உண்மை இருந்தது. ஒதுக்கிய நினைவகத்தை நான் விடுவிக்கவில்லை. அதைத் திருத்தி, "சரிசெய்துவிட்டேன்" என்று மட்டும் எழுதுங்கள். வசையைத் தொடவே வேண்டாம்.

திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு, அந்தத் திட்டத்தின் நடத்தை விதிகளில் உள்ள முகவரிக்குப் புகார் அனுப்புங்கள். தயங்காதீர்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் தன் கடுஞ்சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்தார். லினக்ஸ் கெர்னலின் இன்றைய நடத்தை விதிகள் வந்ததும் அதே மாதம்தான்.

அப்புறம், புதியவர் ஒருவர் திட்டு வாங்கினால் அவர் கேள்விக்கு நீங்களே பதில் எழுதுங்கள். அப்படி ஒருவர் எழுதிய இரண்டு வரிதான் என்னை அங்கே நிற்கவைத்தது.