எந்த வார்டு? சிங்கப்பூரில் மருத்துவச் செலவையும் காப்புறுதியையும் திட்டமிடும் முறை

காப்புறுதி முகவரைப் பார்க்கும் முன்பே வீட்டில் பேசி முடிக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் எந்த வார்டு? பொது மருத்துவமனையின் மானிய வார்டுகளான சி, பி2 போதுமா, வசதியும் செலவும் கூடிய பி1 அல்லது ஏ வேண்டுமா, தனியார் மருத்துவமனைதான் வேண்டுமா? வாழ்நாள் முழுதும் நீங்கள் கட்டப்போகும் சந்தாவை இந்தப் பதில்தான் முடிவுசெய்கிறது. பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. இருப்பதிலேயே பெரிய திட்டத்தை முப்பது வயதில் வாங்கிவிட்டு, எழுபது வயதில் சந்தா நோட்டீஸ் வரும்போதுதான் வார்டைப் பற்றி யோசிக்கிறார்கள்.

கையில் இருப்பதை முதலில் பாருங்கள்

சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளம்) வழியாக மத்திய சேமநிதி (மசேநி) இணையத்தளத்தில் நுழைந்து, சுகாதாரப் பராமரிப்புப் பக்கத்தைத் திறங்கள். மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான மசேநி சேமிப்பு) இருப்பு, மெடிஷீல்டு லைஃப் (அடிப்படை மருத்துவக் காப்புறுதி) விவரம், அதற்குமேல் தனியார் திட்டம் இருக்கிறதா என்பதெல்லாம் அங்கே தெரியும். சிறு வயதில் பெற்றோர் எடுத்துவைத்த திட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமலேயே புதிதாக ஒன்றை வாங்கப் போகிறவர்கள் உண்டு.

குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் மெடிஷீல்டு லைஃப் உண்டு. 2015 நவம்பரில் தொடங்கிய இத்திட்டம் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் பாதுகாப்பு தருகிறது. ஆயுள் முழுதும் நீடிக்கிறது. சந்தா முழுவதையும் மெடிசேவிலிருந்தே கட்டலாம். 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 200,000 வெள்ளிவரை கோரலாம். ஆயுளுக்கு உச்சவரம்பு இல்லை. ஆனால் இது பொது மருத்துவமனையின் பி2, சி வார்டுகளை மனத்தில் வைத்து அளவெடுக்கப்பட்டது. நீங்கள் தனியார் மருத்துவமனையில் சேர்ந்தால், பில்லின் ஒரு சிறு பகுதியை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளும். சி வார்டே போதும் என்று மனதாரச் சொல்பவருக்கு மெடிஷீல்டு லைஃபும் மெடிசேவும் பெரும்பாலும் போதும். இதைச் சொல்வதில் முகவர்களுக்கு ஆர்வம் குறைவு.

மேல்திட்டம்: 75 வயதில் கட்ட முடியுமா?

அதற்குமேல் வேண்டுமென்றால் ஒருங்கிணைந்த மெடிஷீல்டு திட்டம். ஏஐஏ, கிரேட் ஈஸ்டர்ன், எச்எஸ்பிசி லைஃப், இன்கம், புருடென்ஷியல், ராஃபிள்ஸ், சிங்லைஃப் ஆகிய ஏழு நிறுவனங்கள் இதை விற்கின்றன. ஒருவர் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் வைத்திருக்க முடியும்.

சந்தாவின் தனியார் பகுதிக்கு மெடிசேவிலிருந்து எடுக்கும் தொகைக்கு வரம்பு உண்டு: அடுத்த பிறந்தநாளில் 40 வயதுவரை ஆண்டுக்கு 300 வெள்ளி, 41 முதல் 70 வரை 600 வெள்ளி, 71 முதல் 900 வெள்ளி. மீதி ரொக்கம். பில்லில் உங்கள் பங்கைக் குறைக்கும் ரைடர் எனப்படும் துணைத்திட்டத்திற்கு முழுவதும் ரொக்கம்தான்.

இங்கேதான் கணக்கு போட வேண்டும். நிறுவனத்தின் சந்தா அட்டவணையை முழுமையாகக் கேட்டு வாங்குங்கள். இன்றைய வயதின் வரியை மட்டும் காட்டினால் ஏற்காதீர்கள். 45, 55, 65, 75, 85 என்று ஐந்து வயதுகளுக்குரிய சந்தாவை எழுதுங்கள். மெடிசேவ் வரம்பைக் கழியுங்கள். ரைடர் சந்தாவைக் கூட்டுங்கள். கணவன் மனைவி இருவர் என்றால் இரண்டால் பெருக்குங்கள். வேலை, சம்பளம் இல்லாத 75 வயதில் அந்தத் தொகை எங்கிருந்து வரும் என்பதற்குப் பெயர் சொல்லக்கூடிய ஒரு பதில் இல்லையென்றால், ஒரு படி கீழான திட்டத்தை எடுங்கள். இன்றைய அட்டவணை நாளை ஏறவே வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரைடர் தேவையா என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். தனியார் மருத்துவமனை பில் 30,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ரைடர் இல்லாத திட்டத்தில் முதல் 3,500 வெள்ளி (முதல் தொகை) உங்களுடையது. மீதி 26,500 வெள்ளியில் 10 விழுக்காடு, அதாவது 2,650 வெள்ளியும் உங்களுடையது. மொத்தம் 6,150. இதில் ஒரு பகுதியை மெடிசேவிலிருந்து, அதன் வரம்புக்குள், எடுக்கலாம். 2026 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதிய ரைடர்கள், சுகாதார அமைச்சு நிர்ணயித்த அந்தக் குறைந்தபட்ச முதல் தொகையை ஏற்கக்கூடாது என்பது விதி. குறைந்தது 5 விழுக்காட்டை நீங்கள் பகிர வேண்டும்; அந்தப் பகிர்வின் ஆண்டு வரம்பும் 3,000 வெள்ளியிலிருந்து குறைந்தது 6,000 ஆக உயர்ந்துள்ளது. ஆக, புதிய ரைடர் இருந்தாலும் அதே பில்லில் ஏறக்குறைய 4,800 வெள்ளி உங்கள் தலையில்தான். வித்தியாசம் 1,300 வெள்ளிபோல. அதற்காக ஆண்டுதோறும் எவ்வளவு ரைடர் சந்தா கட்டுகிறீர்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மிகப் பெரிய பில்லில்தான் ரைடர் கைகொடுக்கும். பழைய ரைடர் வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு மாற்றாமல், நிறுவனம் அனுப்பும் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள்.

எங்கே தவறு நடக்கிறது

ஒரே நிறுவனத்துக்குள் கீழான திட்டத்துக்கு இறங்குவது எளிது. மேலே ஏற வேண்டுமானால் உடல்நல விவரங்களை மீண்டும் கேட்பார்கள். வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் அப்படித்தான். முதல் ஆண்டு சந்தாக் கழிவுக்கு ஆசைப்பட்டு மாறியவருக்கு, இடையில் வந்த இரத்த அழுத்தமும் இதயக் கோளாறும் புதிய திட்டத்தில் விலக்கப்படலாம். புதியது நடப்புக்கு வந்ததும் பழையது தானாக ரத்தாகிவிடும். திரும்பிப் போவது எளிதல்ல. ஏற்பு முடிவை எழுத்தில் பார்க்காமல் எதையும் ரத்துசெய்ய வேண்டாம்.

விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதீர்கள். நம்மவர்களிடையே நீரிழிவு அதிகம். 'பார்டர்தான்' என்று பலதுறை மருந்தகத்தில் சொன்ன சர்க்கரை அளவையும், மாத்திரை தொடங்காத கொழுப்புச் சத்தையும் எழுதத்தான் வேண்டும். இழப்பீடு கோரும்போது நிறுவனம் பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்கும். முகவரிடம் வாய்மொழியாகச் சொன்னது சொன்னதாகாது.

வேலையிடக் காப்புறுதியை நம்பி சொந்தத் திட்டத்தைத் தள்ளிப்போடுவது இன்னொரு பொறி. வேலை போனால் அதுவும் போகும். அப்போது வயதும் கூடியிருக்கும், நோயும் சேர்ந்திருக்கும். இரண்டும் இருந்தால், முதலில் வேலையிடக் காப்புறுதியில் கோருங்கள். பல சமயம் உங்கள் முதல் தொகையை அது ஏற்கும்.

சேருமுன்னும் சேர்ந்த பின்னும்

செலவு அதிகம் கசிவது பரிந்துரைக் கடிதத்தில்தான். பலதுறை மருந்தகமோ சாஸ் எனப்படும் சமூகச் சுகாதார உதவித் திட்டத்தில் உள்ள மருந்தகமோ அனுப்பினால், பொது மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரை மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். நீங்களாக நேரே போனாலோ, 'இந்த டாக்டர்தான் வேண்டும்' என்று கேட்டாலோ தனியார் நோயாளியாகிவிடுவீர்கள். பிறகு வரும் ஸ்கேன், மருந்து எல்லாம் அந்த விலையில்தான்.

நாட்பட்ட நோய்க்கு மெடிசேவிலிருந்து ஆண்டுக்கு 500 வெள்ளி, சிக்கலான நிலை என்றால் 700 வெள்ளி எடுக்கலாம். வழக்கமாகப் பில்லில் 15 விழுக்காடு ரொக்கமாகக் கட்ட வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்கள் ஹெல்தியர் எஸ்ஜி என்ற தேசிய நோய்த்தடுப்புத் திட்டத்தின்கீழ் ஒரு மருந்தகத்தில் பதிந்துகொண்டால், அங்கே அந்த 15 விழுக்காடு கிடையாது. பரிந்துரைக்கப்படும் உடல்நலப் பரிசோதனைகளும் குடிமக்களுக்கு இலவசம். பதிய ஐந்து நிமிடம் ஆகாது.

திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால் மூன்று காரியங்களை முன்கூட்டியே முடியுங்கள். நிறுவனத்தின் பட்டியலில் அந்த மருத்துவர் இருக்கிறாரா என்று பாருங்கள். ரைடரின் பகிர்வு வரம்பு பட்டியலில் உள்ளவர்களுக்கோ முன் அனுமதி பெற்றவர்களுக்கோதான் பொருந்தும். முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். மருத்துவமனையிடம் உத்தேசச் செலவுத் தாளைக் கேட்டு, சுகாதார அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள கட்டண அளவுகோலோடு ஒப்பிடுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சை என்றால் மருந்து அமைச்சின் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். 2022 செப்டம்பரிலிருந்து மெடிஷீல்டு லைஃப் அந்தப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கே பணம் தருகிறது.

மருத்துவமனை மின்னியல் வழியில் அனுப்புவது பெரும்பாலும் சேர்ந்திருந்த நாள்களின் பில்லைத்தான். அதற்கு முந்திய ஸ்கேனும் பிந்திய சிகிச்சையும் பல தனியார் திட்டங்களில் அடங்கும், ஆனால் ரசீதுகளை நீங்களே அனுப்ப வேண்டும். பலர் விட்டுவிடும் பணம் இது.

நீண்டகாலப் பராமரிப்பு

படுக்கையில் விழுந்தால் மருத்துவமனைத் திட்டம் மாதச் செலவைத் தராது. 1980 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் 30 வயதில், நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியான கேர்ஷீல்டு லைஃபில் தானாகச் சேர்க்கப்படுகிறார்கள். குளித்தல், உடுத்தல், உண்ணல், கழிவறை செல்லல், நடமாடல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறல் ஆகிய ஆறில் மூன்றைத் தனியே செய்ய முடியாதபோது ஆயுள் முழுதும் மாதத் தொகை வரும். ஒரு பணிப்பெண்ணின் சம்பளத்தையும் தீர்வையையும் கூட்டிப் பார்த்தால் அது போதாது என்பது தெரியும். கூடுதல் திட்டத்துக்கு ஆண்டுக்கு 600 வெள்ளிவரை மெடிசேவைப் பயன்படுத்தலாம்.

ஊரிலிருந்து வந்தவர்கள்

நீண்டகால வருகை அனுமதியில் தங்கியிருக்கும் அப்பா அம்மாவுக்கு மெடிஷீல்டு லைஃபும் இல்லை, மானியமும் இல்லை, வெளிநாட்டவர் கட்டணம்தான். உங்கள் மெடிசேவை அவர்களின் இங்குள்ள மருத்துவமனைப் பில்லுக்கு வரம்புக்குள் பயன்படுத்தலாம். வருமுன்பே தனியார் காப்புறுதி எடுத்து, பழைய நோய்களுக்கு என்ன விலக்கு என்று படியுங்கள். முழங்கால் அறுவைக்குச் சென்னை போகலாம் என்று நினைத்தால், அங்கே மெடிசேவும் மெடிஷீல்டு லைஃபும் செல்லாது.

வேலை அனுமதிச்சீட்டு, எஸ் பாஸ் ஊழியர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலையிலிருந்து அதன் குறைந்தபட்ச அளவு ஆண்டுக்கு 60,000 வெள்ளி. வேலையில் அடிபட்டால் அது வேறு கணக்கு, வேலைக் காயச் சட்டத்தின் கீழ் வரும். எனவே விபத்து நடந்த அன்றே முதலாளியிடம் தெரிவியுங்கள்.

குடிமக்கள் இவ்வளவு செய்தும் பில்லைக் கட்ட முடியவில்லை என்றால், பொது மருத்துவமனையில் மருத்துவச் சமூக ஊழியரைப் பாருங்கள். தவணை, அரசாங்க உதவி நிதியான மெடிஃபண்ட் இரண்டுக்கும் வழி அவரிடம்தான். வீட்டாரின் சம்பளச் சீட்டு, மசேநி அறிக்கை, வங்கிக் கணக்கு விவரம் எடுத்துப் போங்கள். வீட்டுக்கு வந்து, நினைவூட்டல் கடிதம் வரும்வரை காத்திருக்காமல், வார்டில் இருக்கும்போதே தாதியிடம் கேட்டால் அவரே வந்து பார்ப்பார்.