யுஎஸ்பி கேட்ஜெட்: லினக்ஸ் போர்டைச் சாதனமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் ஓடும் சின்ன போர்டு ஒன்றைக் கம்ப்யூட்டரில் செருகுகிறோம். அது பென்டிரைவாகவோ, நெட்வொர்க் கார்டாகவோ, கீபோர்டாகவோ தெரிய வேண்டும். இதற்காக லினக்ஸின் மையமான கர்னலில் இருக்கும் பகுதிதான் யுஎஸ்பி கேட்ஜெட். 2.6 கர்னல் காலத்திலிருந்தே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் மாட்டி ஃபோட்டோக்களை எடுக்கும்போது போனுக்குள் வேலை செய்வதும் இதுவே.

யுஎஸ்பியில் ஹோஸ்ட், அதாவது நாம் போர்டைச் செருகும் கம்ப்யூட்டர்தான் எஜமான். சாதனம் தானாக வாய் திறக்க முடியாது. ஹோஸ்ட் கேட்கும்போதுதான் பதில் சொல்லலாம். எந்த வேகம், எந்த டிரைவர், எப்போது உறக்கம் என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்தப் பக்கம். ஹோஸ்ட் பக்கத்திலேயே பழகியவர்கள் கேட்ஜெட்டுக்கு வரும்போது இதை மறந்துவிடுகிறார்கள். கீழே வரும் தவறுகளில் பாதி அந்த மறதியில் முளைத்தவை.

முதலில், கன்ட்ரோலர் (யுஎஸ்பி போர்ட்டை இயக்கும் சிப் பகுதி) இருக்கிறதா என்று பார்க்காமலே வேலையைத் தொடங்குவது. கர்னல் தன் நிலவரத்தைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் கிளாஸ் டைரக்டரிக்குள் யுடிசி என்று ஒரு டைரக்டரி உண்டு. சாதனமாகச் செயல்படக்கூடிய கன்ட்ரோலர் இருந்தால் அதன் பெயர் அங்கே தெரியும். காலியாக இருந்தால் மேலே என்ன கான்ஃபிகரேஷன் எழுதினாலும் பயனில்லை. ஆனால் பலர் அந்த இடத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் ஸ்கிரிப்ட்டை வரிவரியாகத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

காலியாக இருக்கக் காரணங்கள் சில. சாதாரண கம்ப்யூட்டரின் யுஎஸ்பி போர்ட்களுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஹோஸ்ட் வேலை மட்டுமே தெரிந்த கன்ட்ரோலர். அதைச் சாதனமாக மாற்ற மென்பொருளால் முடியாது. ராஸ்பெர்ரி பை 3பி-யில் கன்ட்ரோலருக்கும் போர்ட்டுக்கும் நடுவே ஒரு ஹப் உட்கார்ந்திருக்கிறது, அதனால் அங்கேயும் வழியில்லை. பை ஸீரோவிலும், பை 4-இன் டைப்-சி போர்ட்டிலும் முடியும். கன்ட்ரோலர் சரியாக இருந்தும் டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) அதன் பயன்முறை ‘ஹோஸ்ட்’ என்று எழுதப்பட்டிருக்கலாம். அதை ‘பெரிஃபெரல்’ அல்லது ‘ஓடிஜி’ என்று மாற்ற வேண்டும்.

‘ஓடிஜி’ என்று வைத்தவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. “ஓடிஜி பயன்முறை, அதனால் ஓடிஜி கேபிள்தான் வேண்டும்” என்று கடையில் கேட்டு வாங்கி வருவார்கள். அந்தக் கேபிளின் மைக்ரோ முனையில் ஐடி என்கிற பின் தரையோடு இணைந்திருக்கும். அதைக் கண்டதும் போர்டு ஹோஸ்டாக மாறிவிடும். நமக்கு வேண்டியது நேர் எதிர். சாதாரண டேட்டா கேபிளே போதும். அதுவும் சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் கேபிளை மாற்றிப் பார்ப்பது எப்போதுமே முதல் சோதனையாக இருக்கலாம்.

அடுத்தது, ஒரே கன்ட்ரோலருக்கு இரண்டு பேர் சண்டை. கேட்ஜெட் அமைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஜி-ஈதர் (நெட்வொர்க்), ஜி-சீரியல் (சீரியல் போர்ட்) போன்ற பழைய கர்னல் மாட்யூல்கள் ஒரு வழி. டைரக்டரிகளும் கோப்புகளும் எழுதிக் கர்னலை அமைக்கும் கான்ஃபிக்எஃப்எஸ் வழியாக நாமே அடுக்குவது இன்னொன்று. ஒரு கன்ட்ரோலரில் ஒரு நேரத்தில் ஒரு கேட்ஜெட்தான் உட்கார முடியும். இணையத்தில் பார்த்த பழைய குறிப்பின்படி பூட் ஆகும்போதே ஜி-ஈதர் ஏறுமாறு வைத்துவிட்டு, பிறகு கான்ஃபிக்எஃப்எஸ் ஸ்கிரிப்ட்டை ஓட்டினால் ‘பிஸி’ என்ற பிழைதான் வரும். புதிதாகத் தொடங்குபவர் பழைய மாட்யூல்களைத் தொடாமல் கான்ஃபிக்எஃப்எஸ்ஸிலேயே பழகுவது நல்லது என்பது என் கருத்து. சீரியலும் நெட்வொர்க்கும் சேர்ந்து வேண்டுமானால் இரண்டு கேட்ஜெட் வேண்டாம். ஒரே கேட்ஜெட்டுக்குள் இரண்டு ஃபங்ஷன்கள் (சாதனம் செய்யும் வேலைகள்) வைத்தால் போதும்.

கான்ஃபிக்எஃப்எஸ்ஸில் வரிசை முக்கியம். கேட்ஜெட் டைரக்டரியை உருவாக்கி, வெண்டர் எண், பிராடக்ட் எண், பெயர்கள் எழுதி, ஃபங்ஷனை உருவாக்கி, அதன் அமைப்புகளை முடித்து, கான்ஃபிகரேஷனோடு சிம்லிங்க் (குறுக்குவழி இணைப்பு) போட்டு, கடைசியாகத்தான் யுடிசி கோப்பில் கன்ட்ரோலர் பெயரை எழுத வேண்டும். அந்தக் கடைசி எழுத்து விழும்வரை ஹோஸ்டுக்கு எதுவும் தெரியாது. லிங்க் போட்ட பிறகு நெட்வொர்க் ஃபங்ஷனின் மேக் முகவரியை மாற்றப் போனால் கர்னல் மறுத்துவிடும். இப்படிக் கன்ட்ரோலரோடு பைண்ட் ஆன பிறகு ஒரு லிங்க்கை நீக்கினால் அந்த ஒன்று மட்டும் போகாது, மொத்த கேட்ஜெட்டும் கழன்றுவிடும்.

பிரிக்கும்போது இதே வரிசை தலைகீழாக. யுடிசி கோப்பில் வெற்று வரியை எழுதி, லிங்க்குகளை நீக்கி, கான்ஃபிகரேஷனுக்குள் இருக்கும் மொழி டைரக்டரி, கான்ஃபிகரேஷன், ஃபங்ஷன், மேலே உள்ள மொழி டைரக்டரி, கடைசியில் கேட்ஜெட். ஒரே அடியில் எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளை இங்கே வேலைக்கு ஆகாது. உள்ளே தெரியும் கோப்புகள் கர்னலுக்குச் சொந்தமானவை, அவற்றை நாம் அழிக்க முடியாது. வெறும் டைரக்டரிகளை மட்டும் ஒவ்வொன்றாக நீக்க வேண்டும்.

ஹெச்ஐடி (கீபோர்டு, மவுஸ் போன்ற உள்ளீட்டுச் சாதன வகை) கீபோர்டு செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். கீபோர்டு அனுப்பும் தரவின் வடிவத்தை ஹோஸ்டுக்குச் சொல்லும் ரிப்போர்ட் டிஸ்கிரிப்டரை எக்கோ கட்டளையால் எழுதச் சொல்லி நிறைய எடுத்துக்காட்டுகள் உலவுகின்றன. அது பேஷ் ஷெல்லில் ஓடும். டேஷ் ஷெல்லில் எக்கோவுக்கு அந்த விருப்பங்கள் புரியாது, அவற்றையும் சேர்த்தே கோப்பில் எழுதிவிடும். டிஸ்கிரிப்டர் குப்பையாகி, ஹோஸ்ட் “இது என்ன சாதனம்” என்று கைவிரிக்கும். பிரின்ட்எஃப் பயன்படுத்தி, பைட்களை ஆக்டல் எண்களாக எழுதினால் இந்தத் தலைவலி இல்லை. இன்னொன்று: விசையை அழுத்தியதாக 8 பைட் அனுப்பினால் போதாது, விட்டதாகச் சொல்லும் 8 பூஜ்ய பைட்களையும் அனுப்ப வேண்டும். மறந்தால் திரையில் ஒரே எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும்.

பென்டிரைவ் ஃபங்ஷன்தான் இதில் மிக ஆபத்தானது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மாஸ் ஸ்டோரேஜ் என்பது கோப்புகளைப் பகிர்வது கிடையாது. ஒரு டிஸ்க்கின் பிளாக்குகளை அப்படியே ஹோஸ்டிடம் ஒப்படைப்பது. எந்த பிளாக்கில் எந்தக் கோப்பு என்ற கணக்கை ஹோஸ்ட் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அதே இமேஜ் கோப்பைப் போர்டிலும் மவுன்ட் செய்து வைத்தால், ஒரே கணக்கு நோட்டை இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் எழுதுகிற கதைதான்.

நடப்பதைப் படிப்படியாகப் பாருங்கள். போர்டு ஒரு லாக் கோப்பைச் சேர்க்கிறது. எந்த இடம் எந்தக் கோப்புக்கு என்று குறிக்கும் ஃபேட் அட்டவணையில் காலியாக இருந்த கிளஸ்டர்களை (பிளாக்குகளின் தொகுப்புகளை) எடுத்துக்கொள்கிறது. ஹோஸ்டோ பழைய அட்டவணையையே நம்பிக்கொண்டிருக்கிறது. பயனர் ஒரு படத்தை காப்பி செய்கிறார். ஹோஸ்ட் தன் கணக்கில் ‘காலி’ என்று இருக்கும் அதே கிளஸ்டர்களில் படத்தை எழுதுகிறது, பழைய அட்டவணையை மேலே எழுதிவிடுகிறது. லாக் போயிற்று. சில நேரம் இரண்டு கோப்புகள் ஒரே கிளஸ்டரை உரிமை கொண்டாடும். பிழைச் செய்தி எதுவும் வராது. நாள் கழித்துத்தான் தெரியும். “நான் போர்டில் படிக்க மட்டும்தான் செய்கிறேன்” என்பதும் பாதுகாப்பில்லை, ஏனென்றால் போர்டின் கேஷில் இருப்பது பழைய தகவல்.

சரியான வழி முறை வைத்துக்கொள்வது. போர்டு எழுதும்போது ஹோஸ்டிடம் கொடுக்காதீர்கள். எழுதி முடித்து அன்மவுன்ட் செய்தபின் லன் (அந்த டிஸ்க்கைக் குறிக்கும்) டைரக்டரியில் உள்ள ‘ஃபைல்’ என்ற கோப்பில் இமேஜின் பாதையை எழுதுங்கள். ரிமூவபிள் அமைப்பு 1 ஆக இருந்தால், ஹோஸ்ட் இஜெக்ட் செய்ததும் அந்த ஃபைல் கோப்பு காலியாகிவிடும். அதைப் பார்த்துத்தான் போர்டு மறுபடி மவுன்ட் செய்ய வேண்டும். ஹோஸ்ட் எழுதவே தேவையில்லை என்றால் படிக்க மட்டும் என்ற அமைப்பைப் போட்டுவிடுங்கள், பாதிக் கவலை தீரும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுதியே ஆக வேண்டும் என்றால் இந்த ஃபங்ஷனே தவறான தேர்வு. நெட்வொர்க் ஃபங்ஷன் வைத்து அதன்மேல் கோப்புப் பகிர்வு செய்யுங்கள், அல்லது கோப்பு அளவில் பேசும் எம்டிபிக்குப் போங்கள்.

இதோடு சீரியல் எண்ணையும் கவனியுங்கள். மாஸ் ஸ்டோரேஜ் விதிப்படி அது குறைந்தது 12 ஹெக்ஸ் எழுத்துகளாவது இருக்க வேண்டும், ஒவ்வொரு போர்டுக்கும் வேறாகவும் இருக்க வேண்டும்.

விண்டோஸ் விஷயத்துக்கு வருவோம். லினக்ஸ் கம்ப்யூட்டரில் அழகாக ஓடிய கேட்ஜெட் விண்டோஸில் மஞ்சள் முக்கோணம் காட்டினால் பெரும்பாலும் சாதனம் தன்னைப் பற்றி ஹோஸ்டுக்குச் சொல்லும் டிஸ்கிரிப்டர்தான் காரணம். பல ஃபங்ஷன்கள் சேர்ந்த கேட்ஜெட்டுக்குச் சாதனத்தின் கிளாஸ், சப்கிளாஸ், புரோட்டோகால் மூன்றும் முறையே ஹெக்ஸில் இஎஃப், 02, 01 என்று இருக்க வேண்டும். இரண்டு இன்டர்ஃபேஸ்கள் ஒரே ஃபங்ஷனைச் சேர்ந்தவை என்று அப்போதுதான் ஹோஸ்ட் புரிந்துகொள்ளும். இரண்டு கான்ஃபிகரேஷன்கள் வைத்து “பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும்” என்று விடுவதும் உதவாது, விண்டோஸின் பொது டிரைவர் முதலாவதைத்தான் எடுக்கும்.

அதைவிடக் குழப்புவது விண்டோஸின் நினைவாற்றல். மைக்ரோசாஃப்டின் தனி டிஸ்கிரிப்டர் உண்டா என்பதை வெண்டர் எண், பிராடக்ட் எண், சாதனப் பதிப்பு எண் மூன்றும் சேர்ந்த ஒரு சாதனத்துக்கு ஒருமுறைதான் கேட்கும். கிடைத்த விடையை ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைத்துக்கொள்ளும். நீங்கள் ஃபங்ஷனை மாற்றினாலும் எண்கள் மாறாததால் பழைய விடையையே நம்பும். “சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், இருந்தும் வேலை செய்யவில்லை” என்ற புலம்பலில் பெரும்பகுதி இங்கே பிறக்கிறது. அமைப்பு மாறும்போதெல்லாம் பதிப்பு எண்ணையும் ஏற்றுங்கள். விற்பனைக்குப் போகும் பொருளில் வேறொருவரின் வெண்டர் எண்ணை ஒட்டவைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நெட்வொர்க் ஃபங்ஷனில் ஈசிஎம், ஆர்என்டிஐஎஸ், என்சிஎம் என்ற நெறிமுறைகளில் எதைத் தேர்வது? ஈசிஎம் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். விண்டோஸ் தானாக அடையாளம் காணாது. ஆர்என்டிஐஎஸ் பழைய விண்டோஸுக்கு ஒத்துவரும், ஆனால் பாதுகாப்பில் பலவீனமான பழைய நெறிமுறை. விண்டோஸ் 11 என்சிஎம்மைத் தானாகவே ஏற்கிறது, ஆகவே புதிய வேலைக்கு என்சிஎம்மை முதலில் முயன்று பாருங்கள். எதை எடுத்தாலும் போர்டுப் பக்க, ஹோஸ்ட் பக்க மேக் முகவரிகள் இரண்டையும் நிலையாக எழுதிவிடுங்கள், இரண்டும் வெவ்வேறாக இருக்கட்டும். விட்டுவிட்டால் கர்னல் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை உருவாக்கும்; ஹோஸ்ட் ஒவ்வொரு முறையும் புது நெட்வொர்க் கார்டு வந்ததாக நினைக்கும்.

என்ட்பாயின்ட் (தரவு போகும் ஒருவழிப் பாதை) எண்ணிக்கையைக் கணக்குப் போடாமல் ஃபங்ஷன்களை அடுக்குவது இன்னொரு வழக்கம். ஏசிஎம் எனும் சீரியல் ஃபங்ஷனுக்கு உள்நோக்கி 2, வெளிநோக்கி 1. ஈசிஎம்முக்கும் அதே. மாஸ் ஸ்டோரேஜுக்கு 1, 1. மூன்றும் சேர்ந்தால் உள்நோக்கி 5, வெளிநோக்கி 3. இதில் உள்நோக்கி என்றால் ஹோஸ்டை நோக்கி. போர்டில் உட்கார்ந்து யோசிப்பவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்வது சகஜம். சின்ன கன்ட்ரோலர்களில் இவ்வளவு இருக்காது, பைண்ட் தோற்றுவிடும்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. டிஸ்கிரிப்டரில் மின்னோட்டம் 2 மில்லியாம்பியர் அலகில் இருக்கும் என்று படித்துவிட்டு, 500 வேண்டும் என்றால் 250 என்று எழுதுகிறார்கள். கான்ஃபிக்எஃப்எஸ்ஸில் மில்லியாம்பியரை நேராகவே எழுத வேண்டும், வகுப்பது கர்னலின் வேலை. போர்டுக்குத் தனி மின்சாரம் இருந்தால் அது ஹோஸ்டின் விபஸ் (மின்சாரம் வரும்) கம்பிக்குள் திரும்பிப் பாயாமல் சுற்றை அமைப்பதும் அவசியம். இதை எந்த மென்பொருளும் சரிசெய்யாது.

ஃபங்ஷன்எஃப்எஸ் வழியாக யூசர்ஸ்பேஸில், அதாவது கர்னலுக்கு வெளியே சாதாரண நிரலாக, ஃபங்ஷனை எழுதுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. உங்கள் நிரல் முதலில் கட்டுப்பாட்டு என்ட்பாயின்ட்டான இபி0 கோப்பில் டிஸ்கிரிப்டர்களையும் பெயர்களையும் எழுத வேண்டும், அதற்குப் பிறகே யுடிசி பைண்ட். சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் சில பூட்டில் ஓடும், சில பூட்டில் ஓடாது. அப்புறம், இபி0 கோப்பிலிருந்து வரும் நிகழ்வுகளைத் தொடர்ந்து படிக்க வேண்டும். படிக்காமல் விட்ட செட்டப் கோரிக்கைக்கு ஹோஸ்ட் சில விநாடி காத்திருந்து, பிறகு உங்களைக் கெட்டுப்போன சாதனம் என்று முடிவு கட்டிவிடும்.

கர்னலுக்குள்ளேயே ஃபங்ஷன் டிரைவர் எழுதுபவர்கள் கம்ப்ளீஷன் கால்பேக்கில்தான் (ஒரு ரிக்வெஸ்ட் முடிந்ததும் கர்னல் அழைக்கும் செயல்கூறு) அதிகம் சறுக்குகிறார்கள். அது உறங்க முடியாத சூழலில் ஓடும். மியூடெக்ஸ் (ஒருவகைப் பூட்டு), உறங்கக்கூடிய நினைவக ஒதுக்கீடு இரண்டும் கூடாது. கேபிளைப் பிடுங்கும்போது நிலுவையில் உள்ள எல்லா ரிக்வெஸ்ட்களும் ‘ஷட்டவுன்’ பிழையோடு திரும்பி வரும். அந்த நிலையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி வரிசையில் சேர்க்கும் நிரல்கள் நிறைய. மேசையில் எப்போதும் செருகியே இருக்கும்வரை எந்தக் கோளாறும் தெரியாது. பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்த்தால்தான் வெளிவரும்.

இன்னொன்று பூஜ்ய நீள பாக்கெட். ஹை ஸ்பீடில் பல்க் பாக்கெட் 512 பைட். ஹோஸ்ட் 4096 பைட் வரை ஏற்கத் தயாராக இருக்கிறது. உங்களிடம் இருப்பது 1024. இரண்டு முழுப் பாக்கெட்கள் போகின்றன. முழுப் பாக்கெட் வந்தால் இன்னும் வரும் என்று ஹோஸ்ட் காத்திருக்கும், குறைந்த நீளப் பாக்கெட் வந்தால்தான் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். ரிக்வெஸ்டில் ‘ஸீரோ’ கொடியை ஏற்றினால் கர்னல் ஒரு காலிப் பாக்கெட்டைச் சேர்த்து அனுப்பும். 1000 பைட் அனுப்பிச் சோதித்தவர்களுக்கு இது கண்ணில் படவே படாது. ஆகவே 512, 1024 அளவுகளைச் சோதனைப் பட்டியலில் கட்டாயம் சேருங்கள். மறுபக்கம், ஹோஸ்டிடமிருந்து வாங்கும் பஃபர் பாக்கெட் அளவின் மடங்காக இருக்கட்டும்.

போர்டு கைக்கு வரும் முன்பே சோதிக்க டம்மி ஹெச்சிடி என்ற மாட்யூல் இருக்கிறது. ஒரே கம்ப்யூட்டருக்குள் ஹோஸ்டையும் சாதனத்தையும் மென்பொருளாகவே உருவாக்கித் தரும். டிஸ்கிரிப்டர் பிழைகளை அதிலேயே பிடித்துவிடலாம். என்ட்பாயின்ட் பற்றாக்குறை, நேரக் கோளாறுகள், மின்சாரம் எல்லாம் அதில் தெரியாது. அவற்றுக்கு உண்மையான போர்டு வேண்டும். ஓடும்போது போர்டின் டிமெசேஜை (கர்னல் பதிவை) மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல், ஹோஸ்டில் யுஎஸ்பி போக்குவரத்தைப் பதிவுசெய்யும் யுஎஸ்பிமானைத் திறந்து வயர்ஷார்க்கில் பாருங்கள். எந்தக் கோரிக்கைக்குப் பதில் போகவில்லை என்பது அங்கேதான் எழுதியிருக்கும். சீரியல் கேட்ஜெட்டில் யாரோ ‘ஏடி’ என்று தட்டுவதுபோல் எழுத்துகள் வந்தால் பயப்பட வேண்டாம். ஹோஸ்டில் ஓடும் மோடம்மேனேஜர் உங்கள் போர்டை மோடம் என்று நினைத்துக் குசலம் விசாரிக்கிறது. ஹோஸ்டின் யுடெவ் (சாதனங்களைக் கையாளும் சேவை) விதியில் உங்கள் எண்களைக் குறிப்பிட்டு விலக்கிவிட்டால் நின்றுவிடும்.