சென்னை–லண்டன் விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

தட்டையான உலகப் படத்தில் சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே அடிக்கோல் வைத்துக் கோடு இழுத்தால், அது அரபு நாடுகளின் மேல் போகும். அதே இரண்டு ஊர்களையும் உலக உருண்டையில் ஒரு நூலால் இழுத்து இணைத்தால், நூல் சிந்து மாகாணம், காஸ்பியன் கடல், உக்ரைன், ஜெர்மனி என்று வடக்கே வளைந்து செல்லும். நூல் காட்டுவதே குறுகிய வழி; இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள்.

அதைக் கணக்கிட அறிவியல் கால்குலேட்டர் போதும். ஆனால் அது ரேடியனில் அல்லாமல் பாகையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், பலர் சறுக்குவது இங்கேதான். சென்னை விமான நிலையம் வடக்கே 12.99, கிழக்கே 80.17 பாகையிலும், லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் வடக்கே 51.47, மேற்கே 0.45 பாகையிலும் உள்ளன. இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் 0.176 வரும், அவற்றின் கொசைன் மதிப்புகளையும், தீர்க்கரேகை வேறுபாடான 80.62 பாகையின் கொசைனையும் பெருக்கினால் 0.099 வரும். இரண்டையும் கூட்டிய 0.275 எந்தக் கோணத்தின் கொசைன் என்று பார்த்தால், விடை சுமார் 74 பாகை. பாகைக்கு 60 கடல் மைல், கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர் என்று பெருக்கினால், தூரம் ஏறத்தாழ 8,230 கிலோமீட்டர்.

மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் 9 மணி 10 நிமிடம் கிடைக்கும். இதை நம்பி யாரையும் விமான நிலையத்துக்கு வரச்சொல்லிவிடக் கூடாது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலேறவும், இறங்கவும் குறைந்தது அரை மணி நேரம் சேர்க்க வேண்டும். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வான் காற்று லண்டன் செல்லும்போது எதிர்த்தும், திரும்பும்போது பின்னிருந்து தள்ளியும் வருவதால், திரும்பும் பயணம் பெரும்பாலும் குறைந்த நேரமே எடுக்கும். தவிர, நூல் காட்டிய வழியிலேயே விமானம் போவதுமில்லை. 2022 பிப்ரவரி முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருப்பதால், அதைச் சுற்றித்தான் செல்ல வேண்டும். எனவே போகும்போது பத்தரை மணி நேரத்துக்குக் குறையாமல் கணக்கு வைப்பதே சரி.

டிக்கெட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள். கோடையில் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரமும், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். ஜூலையில் காலை 5.30-க்குப் புறப்பட்டு 11.30-க்கு இறங்குவதாக இருந்தால், கண்ணுக்குத் தெரியும் ஆறு மணி நேரத்துடன் நாலரையைக் கூட்டிப் பத்தரை என்று கொள்ள வேண்டும்; திரும்பும்போது அதே வேறுபாட்டைக் கழிக்க வேண்டும்.

துபாய் வழியாக மாறிச் சென்றால் தூரம் வெகுவாகக் கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். சென்னை–துபாய் சுமார் 2,930, துபாய்–லண்டன் சுமார் 5,500 கிலோமீட்டர். கூட்டிப் பார்த்தால் நேர் தூரத்தைவிட 200 கிலோமீட்டர்தான் அதிகம். ஆனால் துபாயில் மூன்று மணி நேரம் காத்திருக்கிறோமா, பத்து மணி நேரமா என்பது தூரக் கணக்கில் தெரியாது. அதை டிக்கெட்டின் மொத்தப் பயண நேரத்தில்தான் பார்க்க வேண்டும்.