பைக் டயர் பஞ்சர்: ஒட்டினால் போதுமா, மாற்றணுமா?

டயரில் ஆணி தெரிந்தால் உடனே பிடுங்கிவிடாதீர்கள். டியூப்லெஸ் டயரில் பாதி ஓட்டையை அந்த ஆணியேதான் அடைத்துக்கொண்டிருக்கும். காற்றை நிரப்பிக்கொண்டு மெதுவாகப் பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் போங்கள். காற்று நிற்கவே இல்லையென்றால் தள்ளிக்கொண்டு போவதே நல்லது. காரணம் கீழே வருகிறது.

படி 1: ஓட்டை எங்கே? தரையில் படும் பட்டன் பகுதியின் நடுவில் என்றால் ஒட்டலாம். சைடுவாலில், அதாவது டயரின் பக்கவாட்டில், என்றால் பேச்சே இல்லை, புது டயர்தான். வண்டி ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்வது அந்தப் பகுதி. அங்கே ஒட்டு நிற்காது.

படி 2: எவ்வளவு பெரிசு? பொதுவாக 6 மி.மீ. வரைதான் ஒட்டுவார்கள். கண்ணாடியோ தகடோ நீளமாகக் கிழித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

படி 3: டயருக்கு இன்னும் ஆயுள் இருக்கிறதா? பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் சின்ன ரப்பர் மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அதற்குச் சமமாகிவிட்டால் அது மொட்டை டயர். ஒட்டும் காசும் தண்டம். சைடுவாலில் நான்கு இலக்க எண்ணையும் தேடுங்கள். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரத்தில் தயாரானது.

படி 4: இதைத்தான் நிறைய பேர் பார்ப்பதில்லை. காற்றில்லாமல் ஏறி ஓட்டிய டயர் வெளியே நன்றாகவே தெரியும். உள்ளே சைடுவால் நசுங்கி நூலிழை விட்டிருக்கும். டயரை ரிம்மிலிருந்து கழற்றச் சொல்லி உள்பக்கம் பாருங்கள். கறுப்பு ரப்பர் தூள் கொட்டுகிறதா, சுற்றிலும் தேய்ந்த வளையம் இருக்கிறதா? இருந்தால் ஓட்டை ஊசிமுனை அளவே ஆனாலும் டயரை மாற்றிவிடுங்கள்.

கழற்றியதில் இன்னொரு லாபம்: உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் போடலாம். அதன் தண்டு ஓட்டையை அடைக்கும், தலை உள்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து ஐந்து நிமிடத்தில் செருகும் ரப்பர் திரி அவசரத்துக்குச் சரி, அதையே நிரந்தரம் என்று நம்ப எனக்கு மனசில்லை. கடைக்காரர் சலித்துக்கொள்வார். பரவாயில்லை, கேளுங்கள்.

ஸ்போக் வீல், டியூப் டயர் என்றால் கதை எளிது. ஒட்டுவது டியூபைத்தான். வால்வு அடியில் கிழிந்திருந்தால் டியூபையே மாற்றுங்கள். மாட்டும் முன் டயருக்குள் ஒரு துணியை ஓட்டிப் பாருங்கள். ஒடிந்த ஆணிமுனை அதில் மாட்டும்.

ஒட்டிய இடத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா பாருங்கள், மறுநாள் காலை காற்றையும் அளந்துவிடுங்கள். புது டயர் போட்டிருந்தால் அதன் மேற்பரப்பு வழுக்கும். முதல் 150 கி.மீ. வளைவுகளில் வண்டியை அதிகம் சாய்க்காமல் ஓட்டுங்கள்.